ஒத்தாவியோவின் மூன்று சுவர்கள்

“வந்து பாருங்க, இன்ஸ்பெக்டரம்மா! இவனுங்க சைக்கிளா ஓட்டுறானுங்க? புல்டோசர் ஓட்டுறானுங்க!”

ஒத்தாவியோ கைத்தடியால் சுட்டிய இடத்தில், அவருடைய ஆலிவ் தோட்டத்துக் கல் சுவர் ஐந்து மீட்டர் நீளத்துக்குச் சரிந்து கிடந்தது. ரோக்காவெர்னா மலைச்சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவதே இந்தச் சுவர்கள்தான். சுவர் போனால் அடுத்த மழையில் மண் போகும். மண்ணோடு மரமும் போகும்.

இன்ஸ்பெக்டர் லொரெதானா குனிந்து பார்த்தார். உச்சியிலிருந்து கடல்வரை இறங்கும் மலை சைக்கிள் பாதை தோட்டத்தை உரசிக்கொண்டுதான் போகிறது. சரிந்த கற்களுக்குப் பக்கத்திலேயே டயர்த் தடங்கள் வரிவரியாகப் பதிந்திருந்தன.

சேதி கேட்டு, சைக்கிள் சங்கத் தலைவி ஃபியமெத்தா தன் மருந்துக்கடை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“சத்தியமா நாங்க இல்லை மேடம். இந்தத் திருப்பத்துல எல்லாரும் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊர்ந்துதான் போவோம்.”

“அப்போ காட்டுப்பன்னி சைக்கிள் ஏறி வந்துச்சாக்கும்!” என்றார் ஒத்தாவியோ. “பாதையை இழுத்து மூடுங்கம்மா. இல்லேன்னா கேஸ் போடுங்க!”

ஃபியமெத்தாவின் முகம் வெளுத்தது. இன்னும் மூன்று வாரத்தில் அந்தப் பாதையில் பந்தயம். ஜெர்மனியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். ஊரில் ஒரு அறை பாக்கியில்லாமல் பதிவாகிவிட்டது.

லொரெதானா குறிப்பேட்டை மூடினார். “கேஸ்னு போனா பாதைக்கு சீல் வைக்கணும். பேசாம சுவரைக் கட்டிக் குடுத்துடுங்க. பெரியவர் புகாரைத் திருப்பி வாங்கிப்பார். என்ன, வாங்கிப்பீங்கதானே?”

“மனசில்லை. ஆனா நீங்க சொல்றதால...” என்று இழுத்தார் ஒத்தாவியோ.

சனிக்கிழமை காலை சங்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். சிமெண்ட் கிடையாது, கல்லோடு கல்லைப் பொருத்திப் பொருத்தித்தான் அடுக்க வேண்டும். ஆலிவ் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த ஒத்தாவியோ, அவர்களில் ஒருவரான பல் டாக்டர் கொர்ராதோவை விட்டுவைக்கவில்லை.

“டாக்டர், அந்தக் கல்லு ஆடுது பாருங்க. பிடுங்கிடுங்க. உங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்!”

மதியம் அவரே கடலைமாவு ரொட்டியும் ஒயினும் கொண்டு வந்து கொடுத்தார். மனிதர் அவ்வளவு மோசமில்லை என்று எல்லோருக்கும் தோன்றியது.

அடுத்த புதன்கிழமை இரண்டாவது சுவர் விழுந்தது.

இந்த முறை சங்கத்துக்குள்ளேயே அடிதடி வராத குறை.

“கொர்ராதோ, உண்மையைச் சொல்லிடு. புது சைக்கிள் வாங்கினதுலேர்ந்து நீதான் கண்ட இடத்துல தாண்டிக் குதிக்கிறே” என்றாள் ஃபியமெத்தா.

“நான் தாண்டுறவன்தான். சுவரைத் தாண்டலை! இன்னொரு தடவை சொன்னே, உன் சங்கமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

கோபித்துக்கொண்டு போன கொர்ராதோ சனிக்கிழமை முதல் ஆளாக வந்து கல் தூக்கினார். ஃபியமெத்தாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

திருப்பத்தில் காவலுக்கு ஆள் போட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காவலுக்கு நின்றவர் காபி குடிக்கப் போன அரை மணி நேரத்தில் மூன்றாவது சுவரும் போனது.

ஃபியமெத்தா அந்தக் கல் குவியல் மேலேயே உட்கார்ந்து அழுதாள். பந்தயத்துக்கு ஆறே நாள். பன்னிரண்டு பேரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, இடுப்பொடிய உழைத்து, பந்தயத்துக்கு முந்தின மாலை கடைசிக் கல்லை வைத்தார்கள். ஒத்தாவியோ புகாரைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கொர்ராதோவைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம்கூடக் கொடுத்தார்.

“நல்ல பசங்கதான். கொஞ்சம் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுறாங்க, அவ்வளவுதான்.”

பந்தயம் பிரமாதமாக நடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை லொரெதானா தனியாக ஒத்தாவியோவின் வீட்டுக்கு வந்தார். அவர் ஊற்றிக் கொடுத்த காபியைத் தொடாமல், மேசை மேல் மூன்று போட்டோக்களைப் பரப்பினார்.

“சைக்கிள் மோதினா மேல் கல்லுதான் உருளும், பெரியவரே. உங்க மூணு சுவர்லயும் அடிக்கல்லை உருவியிருக்காங்க.”

லொரெதானா ஒரு போட்டோவில் விரலை வைத்துக் காட்டினார்.

“அடிக்கல்லுல கடப்பாரை பட்ட தழும்பு. மூணுலயும் ஒரே தழும்பு.”

எழுபத்து நாலு வயதில் ஜெயிலா என்று நினைத்தார் ஒத்தாவியோ. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“மூணும் வயிறு தள்ளி நின்ன சுவரும்மா. இந்த மழைக்கு எப்படியும் விழுந்திருக்கும். கூப்பிட்டா ஒரு கொத்தனார் மலையேற மாட்டேங்கிறான். நான் ஒண்டி ஆளு, என்னதான் பண்றது?” தலையைத் தூக்கினார். “எப்போ கண்டுபிடிச்சீங்க?”

“முதல் சுவர்லயே.”

“முதல் சுவர்லயேவா? அப்புறம் ஏன் அந்தப் பசங்களைப் போட்டு...”

“ஒழுங்காக் கட்டுறாங்களான்னு பார்க்க வேணாமா?”

லொரெதானா எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அடுத்த மாசத்துலேர்ந்து சைக்கிள் பாதையை எங்க மாமியார் தோட்டத்தை ஒட்டித் திருப்பச் சொல்லியிருக்கேன், அங்கேயும் நாலு சுவர் வயிறு தள்ளித்தான் நிக்குது, அந்தக் கடப்பாரையைக் கொஞ்சம் இரவல் குடுங்க!”