பின்வாங்கிய விமானங்கள்

“இந்தப் போர் முடிஞ்ச மறுநாளே நான் ஊருக்குக் கிளம்பிடுவேன் மாப்பிள்ளை,” என்றபடி அம்மா தன் நீல விமானத்தை நகர்த்தினாள்.

சாப்பாட்டு மேசை முழுக்க ஆட்ட அட்டை விரிந்திருந்தது. ஒரு விமானம் விழுந்தால் போர் முடிந்தது. பின்வாங்கினால் நாளைக்கும் தொடரும்.

மகள் தட்டுகளைத் துடைத்தபடி கணவனைக் கவனித்தாள். வாயே திறக்காமல், மாமியாரை வழியனுப்பக் காத்திருப்பவன்போல் ஆடிக்கொண்டிருந்தான். அம்மா போய்விட்டால் இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

அவனுடைய சிவப்பு விமானம் அம்மாவின் விமானத்துக்கு நேர் பின்னால் வந்து நின்றது. இனி சுடவேண்டியதுதான் பாக்கி.

அவன் பகடையைக் கையில் எடுத்தான்; உருட்டாமலே மேசையில் வைத்தான்.

“எஞ்சின்ல ஏதோ கோளாறு அத்தை. நான் பின்வாங்கிடறேன்.”

“பயந்தாங்கொள்ளி!” அம்மா சிரித்துக்கொண்டே தன் அறைக்குப் போனாள்.

“உங்க விமானத்துல ஒரு அடிகூட விழலையே, ஏங்க ஓடினீங்க?”

“மெதுவாப் பேசு. ஜெயிச்சா அத்தை கிளம்பிடுவாங்க. அப்புறம் என்கூட யார் சண்டை போடுவா?”

“நான் போடமாட்டேனா?”

“நீ போடறதுல நான் ஜெயிச்சதே இல்லையே!”

சிரிப்பை அடக்கமுடியாமல், விஷயத்தைச் சொல்ல அவள் அம்மாவிடம் ஓடினாள். அவள் வாய் திறப்பதற்குள் அம்மா கதவைச் சாத்தினாள்.

“மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதே. நேத்து என்கிட்ட வசமா மாட்டினார். பெட்ரோல் தீர்ந்துபோச்சுன்னு சொல்லி நான்தான் ஓடிவந்துட்டேன்.”