ஒரு கூண்டுக்குத் தண்ணீர்

மிருகக்காட்சிசாலையில் இனி ஒரே ஒரு கூண்டுக்குத்தான் தண்ணீர். கொலம்பியாவின் கடைசிப் பஞ்சுத்தலைக் குரங்கை வைத்துக்கொள்வதா, குட்டிக் காட்டுப்பூனையையா? இரண்டையும் பராமரிக்கும் குணவதியிடம் எதை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்யும் ஒப்பீட்டு இயந்திரம் விசாரித்தது.

குரங்கென்றால் அவளுக்கு உயிர்.

“பூனை கிட்டப் போனாலே சீறும் சார். குரங்கு அப்படியா? நான் ஊட்டினாத்தான் சாப்பிடும். நான் லீவு போட்டா பட்டினி கெடக்கும்” என்றாள் பெருமையாக.

“ஆளை நம்பி வாழ்வது வீண் செலவு. பூனை இருக்கட்டும்” என்றது இயந்திரம்.

மறுநாள் கருணைக்கொலை ஊசியோடு வந்த டாக்டரைக் கண்டதும் குரங்கு கூண்டின் உச்சிக்கு ஏறி ஒளிந்துகொண்டது. யார் கூப்பிட்டும் இறங்கவில்லை.

“நீ கூப்பிடும்மா” என்றார் டாக்டர்.

குணவதி வாயே திறக்கவில்லை. அவளைப் பார்த்ததுமே அது இறங்கி வந்து தோளில் ஏறிக்கொண்டது.