ஒரு சொட்டுக் கடல்நீர்

ஆண் மடவை மீனின் வயிற்றைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினான். வெள்ளையாக ஒரு சொட்டு கசிந்தது. அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியின் கீழே வைத்தான்.

"இதப் பாக்கவாடா ஒனக்குச் சம்பளம் குடுக்குறாக?" என்றாள் அம்மா.

பரமக்குடியிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தாள். மகன் வேலை பார்க்கும் மீன் ஆராய்ச்சி நிலையத்தைப் பார்க்கவேண்டுமாம். கையில் ஒரு கஷாயப் புட்டி.

அது, பக்கத்தில் நின்ற மருமகள் ஈஸ்வரிக்கு.

அம்மா குனிந்து பார்த்தாள். "ஒண்ணும் அசையலயே."

அவன் தகட்டில் ஒரு சொட்டுக் கடல்நீர் விட்டான்.

"ஆத்தி, என்னமா ஓடுது."

மீனுக்குள் இருக்கும்வரை விந்து உறங்கும், கடலைத் தொட்டால்தான் விழிக்கும் என்று விளக்கினான். சினை, பருவம், முட்டை. வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. இதில்தான் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தான்.

தன்னுடையதையும் ஒருமுறை பார்த்திருக்கிறான். மதுரையில், ஆஸ்பத்திரித் திரையில்.

திரை வெறுமையாக இருந்தது.

ஈஸ்வரியிடம் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர்.

அன்று திரும்பும் பஸ்ஸில் அவள்தான் சொன்னாள். "அத்தைக்குத் தெரிய வேணாம். என்மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

"சரி" என்றான்.

உடனே சொன்னான். ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. உள்ளே அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசும்.

அம்மா டம்ளர் கேட்டாள். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குவளை ஒன்றைக் கழுவி எடுத்துவந்தான். அவன் பிடித்துக்கொள்ள, அம்மா ஊற்றினாள்.

அவனே அதை ஈஸ்வரியிடம் நீட்டினான்.

அவள் நின்றபடியே குடித்தாள். முகம் சுளிக்காமல் குவளையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கடல்ல கெடக்குற மீனுக்கெல்லாம் தங்குது," என்றாள் அம்மா. குரலில் கோபம்கூட இல்லை. "எம் மகன் என்ன பாவம் பண்ணுனான்? இவ வயித்துலதான் ஒண்ணும் தங்க மாட்டேங்குது."

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஈஸ்வரி அவனைப் பார்ப்பாள். நீங்க பேசாதீங்க என்று கண்ணால் சொல்வாள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவன் பேசாமலே இருந்துவிடுவான்.

இன்றும் அதற்காகக் காத்திருந்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. நுண்ணோக்கியில் கண் வைத்துக் குனிந்திருந்தாள்.

"எல்லாம் நின்னுருச்சு," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

குவளை அவன் கையில் இருந்தது. அடியில் கஷாயம் கறுப்பாகத் தேங்கியிருந்தது. அதை மேசைமேல் வைத்தான்.

நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அம்மா, செத்த நேரம் உக்காரு."