வழக்கமான கேள்விகள்

"அக்கா, கரு உண்டாகாம தடுக்கிற அவசர மாத்திரை இருக்கா?" கல்லூரிப் பையோடு வந்த பெண் கிசுகிசுத்தாள்.

மருந்துக்கடைக்காரிக்குத் திக்கென்றது. வாசலில், எடை பார்க்கும் மெஷின் பக்கத்தில், பெண்ணின் அம்மா தலைகுனிந்து நின்றாள். பாவம், பெற்ற வயிறு.

"எத்தனை மணி நேரம் ஆச்சு?"

"பன்னெண்டு."

"பயப்படாதே. மூணு நாளைக்குள்ள போடணும். சீக்கிரம் போட்டா இன்னும் நல்லது. இது கருவைக் கலைக்காது, உண்டாகாம தடுக்கும், அவ்வளவுதான். அம்மா ரொம்பத் திட்டினாங்களா?"

"இல்லக்கா, நான்தான் ரெண்டு வார்த்தை திட்டிட்டேன்."

காலம் தலைகீழாகத்தான் போய்விட்டது. கடைக்காரி வழக்கமான கடைசிக் கேள்விக்கு வந்தாள்.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறது உண்டா?"

"பிரஷர் மாத்திரை மட்டும்தான்."

"இந்த வயசுலயா?"

"நாற்பத்து மூணு ஆகுதேக்கா."

கடைக்காரி மெல்ல வாசலைப் பார்த்தாள். அம்மா சட்டென்று எடை மெஷினின் முள்ளை ஆராயத் தொடங்கினாள்.

"பிரஷர் மாத்திரையோட போட்டா ஒண்ணும் ஆகாது. தைரியமா போடச் சொல்லு."

பெண் கொண்டுபோய்க் கொடுத்த மாத்திரையை விழுங்கிய அம்மாவிடமிருந்து வந்த பெருமூச்சு கடைக்குள் வரை கேட்டது. கடைக்காரிக்குச் சிரிப்பு வந்தது.

"இனிமே ஜாக்கிரதையா இருக்கணும்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லணும். அப்பா எங்கே?"

பெண் எதிர்ப்புறம் நின்ற ஸ்கூட்டரைக் காட்டினாள்.

"அதோ. வீட்டுல மாட்டின ஹெல்மெட்டை இன்னும் கழட்டலை."