இருளாயி கேட்ட வியாதிகள்

"சார், ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுன்னா இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"

இருளாயி எழுந்து நின்று கேட்டதும் வகுப்பே சிரித்தது.

குணசேகரனுக்கு அன்றைக்கு அது மூன்றாவது வகுப்பு. தொண்டை கட்டியிருந்தது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில், வெளிநாட்டுக்குப் போகும் நர்சுகளுக்கு ஆஸ்பத்திரி இங்கிலீஷ் சொல்லித் தருகிறார். அங்கே நர்ஸ் இல்லாத ஒரே ஆள் இருளாயிதான். நூறு நாள் வேலையை முடித்துவிட்டு, குன்றாண்டார்கோவிலில் பஸ் ஏறி வருகிறவள்.

"பர்னிங் யூரின்னு சொன்னா டாக்டருக்குப் புரியும்."

"ஒருக்கா இதுல சொல்லுங்க சார், பதிஞ்சுக்கிறேன்." போனை நீட்டினாள்.

சொன்னார். திங்கட்கிழமை கேட்டது மூலம். செவ்வாய்க்கிழமை கல்லடைப்பு. நேற்று படர்தாமரை. எதற்கு என்று கேட்டால், "சவுதியிலேருந்து கேட்டாங்க சார்" என்பாள்.

"யக்கா, ஒங்க வீட்டுக்காரரு ஒடம்புல நல்லா இருக்க எடம் ஏதும் மிச்சம் இருக்கா?" என்றாள் நர்ஸ் பிரகதீஸ்வரி. மறுபடியும் சிரிப்பு. இருளாயி தலை நிமிராமல் 'பர்னிங் யூரின்' என்று தமிழில் எழுதிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் பிரகதீஸ்வரி மேசைக்கு வந்தாள்.

"அடுத்த வாரம் பரீட்சை சார். பாதி நேரம் அந்தக்கா கேக்குறதுலயே போயிருது. இப்படியே போனா நாங்க பன்னெண்டு பேரும் வேற எடம் பாத்துக்கிறோம்."

பன்னிரண்டு பேரும் போய்விட்டால் மாடியைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். குணசேகரன் இருளாயியைக் கூப்பிட்டார்.

"நாளையிலேருந்து வர வேணாம்மா. இது நர்சுங்க படிக்கிற வகுப்பு."

"ஓரமா ஒக்காந்துக்கிறேன் சார். எல்லாரும் போனப்புறம் கேக்குறேன்."

"ஒரே ஆளுக்கு இத்தனை வியாதி வருமா? வேலைக்கு டிமிக்கி குடுக்கக் காரணம் தேடுறாரு ஒங்க வீட்டுக்காரரு. பேசாம ஊருக்குக் கெளம்பி வரச் சொல்லுங்க."

இருளாயி நோட்டைப் பையில் வைத்தாள்.

"அவரு செத்து ரெண்டு வருசம் ஆச்சு சார். சவுதியில நெஞ்சுவலியோட டாக்டருகிட்டப் போயிருக்காரு. 'பெயின்'னு மட்டுந்தான் சொல்லத் தெரிஞ்சிருக்கு. வலி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க."

"அப்ப இத்தனை வியாதியும் யாருக்கும்மா?" என்றார் குணசேகரன்.

"இப்பக் கேக்குறதெல்லாம் அவரு ரூம்ல மிச்சம் இருக்க ஏழு பேரு சார்."