கலிமேரா

முதலில் மணலை முத்தமிட்டவன் கஸ்வான். அவன் மனைவி ரஹாஃப் வாந்தியெடுத்தாள். லெபனானின் மீனா துறைமுகத்தில் நேற்று மாலை படகேறியவர்களைத் தார்ப்பாய்க்குள் மூடி, இரவெல்லாம் ஓட்டியிருந்தான் கடத்தல்காரன்.

இருபத்திரண்டு பேர். சிரியாவிலிருந்து ஓடி வந்து, லெபனான் மலைக்கு அந்தப் பக்கம் பெக்கா சமவெளியில் கூடாரம் போட்டுக் கிடந்தவர்கள். நேற்றுவரை ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை.

"சைப்ரஸ் வந்தாச்சு, குதிங்க!" என்று இருட்டில் இறக்கிவிட்டவன் போகும்போது ஒன்று சொன்னான். "அடையாளக் காகிதம் ஒண்ணு விடாம எரிச்சிடுங்க. எந்த ஊருன்னு தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவான்." போன்களைப் படகேறும்போதே பிடுங்கியிருந்தான்.

எரித்தார்கள். ரஹாஃபின் கை மட்டும் தயங்கியது. காகிதம் இல்லாமல் லெபனானில் மாட்டினால் நேரே சிரிய எல்லைதான். பட்டாளத்தை விட்டு ஓடிய கஸ்வானை அங்கே தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் அண்ணனைப் பிடித்தவர்கள் பிணத்தைக்கூடத் தரவில்லை.

"என்ன யோசனை, லமார் அம்மா? திரும்ப அங்கேயா போகப் போறோம்?" என்றான் கஸ்வான்.

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" காகிதங்களை நெருப்பில் போட்டாள்.

விடிந்தது. தண்ணீருக்கு அப்பால் மூட்டத்தில் ஒரு நகரம், அதன் பின்னால் உயர்ந்த மலை. புதரிலிருந்து ஒரு முயல் எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது.

"அப்பா, நம்ம மலை மாதிரியே இருக்கு," என்றாள் நாலு வயது மகள் லமார்.

"மலைன்னா எல்லாம் ஒரே மாதிரிதான்டி."

எட்டு மணிக்கு ஒரு படகு வந்தது. நீச்சல் உடையில் பெண்கள், தர்பூசணி, ஹூக்கா. இவர்களைக் கண்டு யாரும் பயப்படவில்லை, போலீசைக் கூப்பிடவில்லை. ஒரு குழந்தை கையாட்டியது.

இந்த ஊரில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தாள் ரஹாஃப். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு வாரமாக மனப்பாடம் செய்த ஒரே கிரேக்க வார்த்தையை, சைப்ரஸின் காலை வணக்கத்தைச் சொன்னாள்.

"கலிமேரா!"

கயிறு வீசிய கிழப் படகோட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே அரபியில் சொன்னான்.

"முயல் தீவுக்கு வந்துட்டு கலிமேராவா! நேத்து திரும்புற படகைக் கோட்டை விட்டுட்டீங்களாக்கும்? சாயங்காலம் அஞ்சு மணிக்கு, அதோ எதிர்ல தெரியுற மீனாவுலயே கொண்டு விடறேன். துறைமுகத்துல பட்டாளத்துக்காரன் கேப்பான், காகிதத்தை மட்டும் கையில எடுத்து வச்சுக்கங்கம்மா."