மேஜை விரிப்பு

"வீடா இது, நூல் கடையா? டீ டம்ளர் வைக்கக்கூட இடமில்ல!"

மனைவியின் கத்தல் மெக்கானிக்கின் காதில் ஏறவில்லை. நூல் சுற்றிய விரல் நீள ஷட்டிலால் முடிச்சு முடிச்சாகப் போட்டு, 'டாட்டிங்' என்ற கைப்பின்னலில் சாப்பாட்டு மேஜைக்கு லேஸ் விரிப்பு பின்னிக்கொண்டிருந்தார்.

"பேசாத, எண்ணிக்கை தப்பிடும்."

"இது முடியட்டும், அந்த ஷட்டிலைக் குப்பையில போடறேன்!"

மகள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஞாயிறு காலை கடைசி வளையமும் முடிந்தது. விரிப்பு மேஜையை மூடித் தரைவரை தொங்கியது. மெக்கானிக் சோம்பல் முறித்தார். அங்குமிங்கும் நடந்தார். கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது.

"தெருமுனைக் கடைவரைக்கும் போயிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினார்.

மனைவிக்குப் பகீரென்றது. "உட்காருங்க!"

அலமாரியிலிருந்து ஒரு பை நிறைய புது நூல் உருண்டைகளை எடுத்து வந்து அவர் மடியில் கொட்டினாள். "ஜன்னலுக்கெல்லாம் திரை வேணும். இப்பவே ஆரம்பிங்க."

மகள் திகைத்தாள். "ஏம்மா, தினமும் நீதானே கரிச்சுக் கொட்டின?"

"வாய் அது பாட்டுக்குத் திட்டும்டி. இதுல கை மாட்டின நாள்லேர்ந்து உங்கப்பா ஒரு சிகரெட் தொட்டிருக்காரா, சொல்லு?"

மெக்கானிக் அசடு வழியச் செருப்பைக் கழற்றிவிட்டு, நூலின் நுனியைத் தேடத் தொடங்கினார்.